முள் துடித்த இடம்

உங்கள் வண்டியின் முன்பலகையில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிகிறது. என்னைப் பின் இருக்கையில் உட்கார வைத்து இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரும்போது பார்த்தேன். ஓட்டியவரிடம் கேட்டதற்கு, மூன்று மாதமாக அப்படித்தான் எரிகிறது, பழகிவிட்டது என்றார். பழகக் கூடாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். அந்த விளக்கைப் பார்த்ததும் பாதிப் பேர் இன்ஜினே போய்விட்டது என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் அதன்மேல் சாமி படம் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு கணம் மூச்சு விட மறந்ததுபோல் தயங்கிவிட்டுப் பிறகு இழுத்தது. பெரும்பாலும் த்ராட்டில் சென்சாராகத்தான் இருக்கும். அரைமணி நேர வேலை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிய சென்சார் மாட்டியதாகப் பட்டறைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, ஆனால் நொறுங்கிய வண்டியில் பழைய சென்சார்தான் இருந்தது, தவறுதலாகப் பழையதையே திரும்ப மாட்டிவிட்டீர்களா என்று கேட்டீர்கள். நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். மேசைமேல் இருக்கும் இந்தப் பச்சைக் கோப்பை மூடுவதற்குக் கையைக்கூட வைத்துவிட்டீர்கள்.

மூட வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக வண்டிகளைப் பார்க்கிறேன். தவறுதலாக என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. தெரிந்துதான் செய்தேன். முழுதாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்தவன் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் நண்பன். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அப்போதே விளையாட்டுக்கு நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். பிற்பாடு அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டபோது முறை மாற்றிக் கூப்பிடப் பழகவேண்டிய சிரமம்கூட எங்களுக்கு இருக்கவில்லை. நான் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டேன். பேருந்துப் பணிமனை ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது வருடம் பகலில் தூங்கினேன். அப்படித் தூங்குகிறவனுக்கு நண்பர்கள் சேர மாட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை ஒருவன் மட்டும் மிஞ்சினான். அவன் படிப்பை முடித்தான், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினான், பட்டறை தொடங்கினான். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். அந்தச் சான்றிதழைப் பார்த்து வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் கடைசியில் என் கையால்தான் வண்டியைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

பட்டறையில் என் பெயர் முள். வைத்தவன் மாப்பிள்ளைதான். மின்னழுத்தம் அளக்க எல்லோரும் எண் காட்டும் மீட்டர் வைத்திருந்த காலத்தில் நான் முள் ஆடும் பழைய மீட்டரைத்தான் வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று இன்ஜினின் கணினிக்குச் சொல்வதுதான் த்ராட்டில் சென்சாரின் வேலை. பழைய வண்டிகளில் அதற்குள்ளே கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன விரல் உரசிக்கொண்டே போகும். கால் அதிகம் தங்கும் இடத்தில் பட்டை தேய்ந்துவிடும். மிதியை மெதுவாக அழுத்தினால் முள் மெதுவாக ஏறவேண்டும். தேய்ந்த இடம் வரும்போது ஒரு துடி துடித்துக் கீழே விழுந்து மறுபடி எழும். எண் காட்டும் மீட்டர் அந்தத் துடிப்பைக் காட்டாது. அது நடுவாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். முள்ளுக்கு அந்தப் பூசி மெழுகும் வேலை தெரியாது.

"மச்சான், உன் முள்ளு என்ன சொல்லுது?" என்பான் மாப்பிள்ளை. நான் சொல்வேன். அதற்குமேல் பட்டறையில் பேச்சு இருக்காது. அப்படித்தான் இருந்தது, நான் படுக்கையில் விழும்வரை.

நான்கரை வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சில் நோய் வந்தது. எட்டு மாதம் கை கொள்ளாத மாத்திரை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதால் முதல் சில வாரம் என் அறைக்குள் யாரும் வரக் கூடாது. மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான். அன்றைக்கு வந்த வண்டிகளைப் பற்றிச் சொல்வான். சிக்கலான வண்டி என்றால் அதன் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டுவான். நான் உள்ளே படுத்தபடி பழுது இன்னது என்பேன். தெருவில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கும் ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவனுக்கு எதிராக மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

நோய் தீர்ந்து பட்டறைக்குத் திரும்பினேன். முதல் வாரம் ஒரு வண்டியின் ஒயர்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். பச்சையை மேலே கொடுத்துவிட்டேன் என்றேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான்.

"மச்சான், அது பழுப்புடா."

"லைட்டு சரியில்ல. இந்த மஞ்ச வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். வெள்ள லைட்டு போடு."

அவன் ஒயரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் பட்டறை முழுவதும் வெள்ளை விளக்கு எரிந்தது. அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. இன்னொன்றும் செய்தான். நோயிலிருந்து எழுந்தவன் அதிக நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லி, என்னைத் தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தான். பட்டறையைப் பூட்டுவது அவன் பொறுப்பு. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். மூன்றரை வருடம் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் அவன் மகளைக் கல்லூரி விடுதியில் விடப் போயிருந்தான். விடுதி மலைமேல் இருக்கிறது. போக மூன்று மணி நேரம். அன்று ஒரு வண்டிக்காக அவனுடைய ஸ்கேனரை எடுத்தேன். வண்டியின் கணினியோடு பேசும் கைக்கருவி அது. பிழை இருந்தால் எண் சொல்லும். நான் அதைத் தொடுவதில்லை. அதற்குள் ஒரு பட்டியல் இருப்பது எனக்குத் தெரியாது. எந்த வண்டியை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சோதித்தார்கள் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்கிறது.

ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள். எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். எல்லாம் அந்தந்த நாளில் நான் முடித்துவிட்டுப் போன வண்டிகள். அவன் பார்த்த வண்டி ஒன்றுகூட அதில் இல்லை. முதல் பதிவு நான் நோயிலிருந்து திரும்பிய இரண்டாவது வாரம். சில வண்டிகளுக்கு நேரே பிழை எண் இருந்தது, பிறகு அது அழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கருவிகள் அப்படித்தான், இல்லாததையும் சொல்லும். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றால் புரிந்துகொள்ளலாம். கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கருவியும் பழையது.

ஒருவன் தினமும் உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, விடிந்ததும் இவரைப் போல யோக்கியர் உண்டா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. எட்டு மாதம் தனியாகப் பட்டறையை நடத்தியதில் அவனுக்கு முதலாளித்தனம் ருசித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று உறுமியதெல்லாம் எனக்கு விளையாட்டுக் காட்டத்தான்.

நான் அவனிடம் கேட்கவில்லை. வண்டியில் விளக்கு எரிந்தது என்பதற்காகப் பொருளை மாற்றிவிடக் கூடாது, முதலில் சோதிக்கவேண்டும். இது என் தொழில் விதி. அதனால் சோதித்தேன்.

மளிகைக் கடைக்காரரின் வேன் ஒன்று வந்திருந்தது. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, ஓர் இணைப்பை மட்டும் வேண்டுமென்றே தளர்த்திவிட்டுப் போனேன். காலையில் வந்து தொட்டுப் பார்த்தால் இணைப்பு இறுக்கமாக இருந்தது. மாப்பிள்ளை கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"மச்சான், அந்த வேன்காரரு உன்னப் புகழ்ந்து தள்ளிட்டாரு. உன் கை பட்டாப் போதும்னாரு."

வேன் இன்னும் பட்டறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் வந்து எடுக்கவே இல்லை. எனக்கு முன்னால், வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கூசாமல் சொன்னான். சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பது என்பார்களே, அது.

இரண்டாவது முறை ஒரு குழாயைப் பாதி கழற்றி வைத்தேன். அதுவும் சரியானது, அதற்கும் பாராட்டு கிடைத்தது. இரண்டு முறை நடந்தால் தற்செயல் என்று வாதாட இடமிருக்கிறது. அதனால் மூன்றாவது முறையும் செய்தேன்.

மூன்றாவது வண்டி ஒரு ஆசிரியையுடையது. அன்று என் தங்கைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள், மாப்பிள்ளை சீக்கிரம் போய்விட்டான். அது எனக்குத் தெரியாது. காலையில் நான் வருவதற்குள் ஆசிரியை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்சந்தியில் திரும்பும்போது இன்ஜின் அணைந்திருக்கிறது, பக்கத்திலிருந்து வந்த வேன் இடித்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. எழுதுவது இடது கையால்தான் என்று பிறகு தெரிந்தது. இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. தினமும் சோதிக்கிறவன் அன்றைக்குச் சோதிக்கவில்லை. ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டால் முழுதாக எடுத்துக்கொள்ளவேண்டும். அதை நான் அவனிடம் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

மாப்பிள்ளை அன்று மத்தியானமே ஆசிரியையின் வீட்டுக்குப் போனான். என்னையும் வரச் சொன்னான். கூடத்தில் ஆசிரியை கையைத் துணியால் கழுத்தோடு தொங்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் நாற்காலி போடவில்லை. மாப்பிள்ளை நின்றபடியே, "தப்பு என்னோடதுங்க. கடைசியா வண்டியப் பாத்தது நான்தான். இவருக்கு இதுல சம்பந்தமில்ல," என்றான். கணவர் வாய்க்கு வந்தபடி பேசினார். இவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது என் தோளைத் தட்டினான்.

"விடு மச்சான். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

எல்லோருக்கும் நடக்கிறதுதான். நான் தவறு செய்துவிட்டதாக அவன் முடிவு கட்டிவிட்டான். அதற்காக எனக்கு மன்னிப்பும் வழங்கிவிட்டான். நல்ல வேலை செய்தபோது அதை என்னுடையதாக விடவில்லை. இப்போது நான் வேண்டுமென்றே செய்ததையும் தவறு என்று பெயர் மாற்றித் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த வாசற்படியில்தான் எனக்கு முடிவானது. கோபம் இருக்கவில்லை. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மனம் அடங்கிவிடும், வண்டி வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும்.

அடுத்த மாதம் அவன் வண்டியிலேயே விளக்கு எரிந்தது. அதை நான் செய்யவில்லை, தானாக வந்தது. பழைய வண்டி, என் தங்கையின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் வாங்கியது.

"மச்சான், என் வண்டிய நீயே பாரு. நான் பாத்தா எனக்கே நம்பிக்கை வராது," என்று சாவியை என்மேல் தூக்கிப் போட்டான்.

முள் மீட்டரை வைத்து மிதியை மெதுவாக அழுத்தினேன். முள் ஏறியது. முக்கால் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் துடித்து விழுந்தது. திரும்பத் திரும்ப அதே இடம். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்குப் பட்டை தொடக்கத்தில் தேயும். இவனுக்கு மேலே தேய்ந்திருந்தது. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளைப் பார்க்க மலை ஏறுகிறான். ஏற்றத்தில் லாரிகளை முந்தும்போது ஒரே அளவுக்குத்தான் மிதிப்பான், பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கால் பழக்கம் முழுவதும் அந்தப் பட்டையில் எழுதியிருந்தது. சமதரையில் அந்த இடம் வந்தால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போய்விடும். ஏற்றத்தில், எதிர்ப்பக்கத்தில் ஏறி, பக்கத்தில் லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் வண்டிக்கு இரண்டு விநாடி உயிர் இருக்காது.

புதிய சென்சார் வரவழைத்தேன். பழையதைக் கழற்றித் துடைத்து, மறுபடி அதையே மாட்டினேன். விளக்கு எரியாமல் இருக்க ஒரு வேலை செய்தேன். அது எப்படி என்பது உங்களுக்கு வேண்டாம், தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். புதியது மாட்டியதாகப் பதிவேட்டில் எழுதினேன். புதியது என் வீட்டு மேசை இழுப்பறையில் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். நல்ல சரக்கு. உங்கள் வண்டிக்குக்கூடப் பொருந்தும்.

ஆனால் ஒன்று. அவனுக்கு வாய்ப்பே கொடுக்காமல் நான் இதைச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போலக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகாமல் எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பட்டறைக்குள் பார்க்கலாம். அவன் தினமும் செய்வதைச் செய்தால், ஸ்கேனரை மாட்டி மிதியை அழுத்திப் பார்த்தால், மூடியைத் திறந்து பார்த்தால் பழைய சென்சார் கண்ணில் படும். கேள்வி கேட்பான். நானும் கேட்பேன். இருவரும் சண்டை போட்டிருப்போம், அதோடு முடிந்திருக்கும். எல்லாம் அவன் கையில்தான் இருந்தது.

ஆறு மணிக்கு அன்றைக்கு நான் முடித்த இரண்டு வண்டிகளையும் சோதித்தான். ஒன்றில் ஏதோ பிரித்து மாட்டினான். பிறகு கருவியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தான். கை கழுவினான். தன் வண்டியில் ஏறினான், விளக்கு எரியவில்லை என்று பார்த்திருப்பான், முன்பலகையை இரண்டு தட்டு தட்டினான், மாட்டின் கழுத்தைத் தட்டுவதுபோல. வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டு அதிலேயே போய்விட்டான். சோதிக்கவே இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. ஆயிரம் வண்டியில் என் கையை நம்பாதவன் தன் வண்டிக்கு மட்டும் நம்பினான் என்று. நானும் கொஞ்ச நேரம் அதை யோசித்தேன். தேநீர் ஆறிவிட்டது. பிறகு எனக்கு விடை கிடைத்தது. அது நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம். ஊரார் வண்டி என்றால் பெயர் போகும், தன் வண்டி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை போன் செய்தாள். வழக்கமாக அவள் அவனோடு போவதில்லை. "அண்ணா, நாளைக்கு நானும் மலைக்குப் போறேன். பொண்ணு ஏதோ கண்காட்சி வச்சிருக்காளாம்," என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. பல் வலி போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். நான் அவளிடம் ஒன்று சொன்னேன்.

"முன்னாடி உக்காராத. பின்னாடி உக்காரு. டிரைவருக்குப் பின்னாடி."

"ஏன்ணா?"

"முன்னாடி வெயில் அடிக்கும்."

அவள் சிரித்தாள். ஆனால் சொன்னதைக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைக் கேட்பாள். லாரி இடித்தது முன்பக்கத்தின் இடப்புறம். பின்னால், வலப்புறம் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு இடுப்பெலும்போடு போனது. அவனுக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தங்கையை நான்தான் காப்பாற்றினேன். அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், அண்ணன் சொன்ன வாக்கு, இல்லையென்றால் நானும் போயிருப்பேன் என்கிறாள். சவத்தை எடுக்கும்போது மருமகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வண்டிய நீங்கதானே மாமா பாத்தீங்க? அப்ப வண்டியில தப்பு இருக்காது. அந்த லாரிக்காரன்தான்," என்றாள். ஆமாம் என்றேன். குழந்தையிடம் வேறு என்ன சொல்வது.

போன வாரம் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பக்கத்துக் கட்டிலுக்கு நடுவே திரையை இழுத்துவிடச் சொன்னாள்.

"அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே யாருக்கு சத்தியம்? நீ இனிமே தனியா வண்டி பாக்காத."

ஏன் என்று கேட்டேன்.

"அந்த மாத்திரை உன் கண்ணக் கெடுத்திருச்சு. உனக்குப் பச்சையும் பழுப்பும் செவப்பும் ஒண்ணாத் தெரியுது. அவரு டாக்டரக் கேட்டுட்டு வந்து அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. வேலைய விடச் சொன்னா அவன் செத்துருவான்னாரு. நீ போனப்புறம் தினமும் நின்னு, நீ மாத்தி மாட்டினதையெல்லாம் சரி பண்ணிட்டு வருவாரு. நாலு வருஷமா ராத்திரி எட்டு மணிக்கு முன்னாடி அவரு வீட்டுக்கு வந்ததே இல்லண்ணா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு தினமும் உன்னப் பாராட்டணும்னு வேற வச்சிருந்தாரு. இன்னிக்கு என்ன சொல்லிப் பாராட்டறதுன்னு காலையில எங்கிட்டயே கேப்பாரு."

அவள் அழுதாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அடிபட்டவர்கள் பேசுவதற்கெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டிருக்க முடியாது. கணவன் இறந்த பிறகு எந்தப் பெண்ணும் அவனை விட்டுக்கொடுக்க மாட்டாள், தெய்வமாக்கித்தான் வைப்பாள். தவிர, கண்ணில் கோளாறு என்றால் முதலில் எனக்குத்தானே தெரியும்? என் கண்.

அவன் போனபிறகு பட்டறையை நான்தான் நடத்தினேன். இந்த ஆறு வாரத்தில் ஒன்பது வண்டிகள் திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றில் புகை வந்ததாம், ஒன்று ஓடும்போதே அணைந்ததாம். முன்பெல்லாம் திரும்பி வந்ததே கிடையாது. இப்போது ஓட்டுகிறவர்களுக்கு வண்டியைப் பக்குவமாக வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை. ஒயர் செய்கிற கம்பெனிகளும் நிறத்தில் ஒழுங்கு காட்டுவதில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். பழைய சென்சார் என்று தெரிந்தே மாட்டினேன். முள் எங்கே துடிக்கும், அவன் கால் எங்கே போய் நிற்கும், அந்த ஏற்றத்தில் எத்தனை லாரி போகும் என்று தெரிந்தே மாட்டினேன். கொலை என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. தவறுதலாக என்ற சொல் மட்டும் எங்கேயும் வரக் கூடாது. என் வேலையில் தவறு கிடையாது.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் காகிதம் மட்டும் போதாது என்றால் இந்தப் பச்சைக் கோப்பின் மேலேயும் போட்டுத் தருகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஓட்டி வந்தவரும் அதே மாதிரி பார்க்கிறார்.

பழுப்பா?

இருக்கட்டும். இந்த அறையில் வெளிச்சம் சரியில்லை. வெள்ளை விளக்குப் போடச் சொல்லுங்கள்.